பொட்டி வந்துடுச்சு

மயில்துத்தம் போட்டுக் கிண்டிய மைதாப் பசையின் வாசனை உனக்கு மறந்திருக்காது. 1996 மே மாதம். லால்குடி கடைத்தெருச் சுவரெல்லாம் தேர்தல் நோட்டீஸ். ஓட்டுப் போட்டு முடிந்த கையோடு அதன் மேலேயே 'இந்தியன்' போஸ்டர் ஏறியது. கீழே பாதிச் சின்னம் தெரியும், மேலே சேனாபதித் தாத்தாவாகக் கமலின் சுருங்கிய முகம். லஞ்சம் வாங்குகிறவனை வர்மத்தில் மடக்குகிற கிழவனாம் என்று சலூனில் அதற்குள் பாதிக் கதை ஓடிவிட்டது. ஷங்கர் பத்திரிகையில் பேட்டி கொடுத்திருக்கிறார் என்பார்கள். அந்த இதழ் நாலு கை மாறி நம்மிடம் வரும்போது நடுப்பக்கம் இருக்காது. அதனாலென்ன, இல்லாத பக்கத்தை நாமே சொல்லிக்கொள்வோம். டைரக்டர் விட்டதைவிட நாம் விட்ட கதை பெரிசு.

ஊர்க் கொட்டகைக்கு வருகிறவரை யார் காத்திருப்பது? மே 9-ந் தேதி ரிலீஸ், திருச்சிக்குத்தான் ஓடணும். சத்திரம் பஸ்ஸில் படிக்கட்டுத் தொங்கல். வாளாடி தாண்டி, ஒண்ணாம் நம்பர் டோல்கேட்டில் வெள்ளரிப்பிஞ்சுக்காரி ஏறி இறங்கி, கொள்ளிடம் பாலத்தில் வண்டி ஏறியதும் சுட்ட மணல் வாசனை மூக்கில் அடிக்கிறது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெரிகிறது. 'வசனம் சுஜாதா, நம்ம ஸ்ரீரங்கத்துக்காரர்டா' என்று நீதான் கத்தினாய். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. தியேட்டரில் டைட்டிலில் அவர் பேர் வந்தபோது, கமலுக்கு வைத்திருந்த விசிலில் கொஞ்சம் எடுத்து அவருக்கும் அடித்தோம். எழுத்தாளருக்கு விசில் அடித்த ஊர் வேறு உண்டா, தெரியவில்லை.

அதற்கும் முன்னால் அந்த வாசல் நேரம் இருக்கிறதே! 'பொட்டி வந்துடுச்சா, பொட்டி வந்துடுச்சா' என்று ஒரே பேச்சு. தகரப் பெட்டிக்குள் ரீல். ஆட்டோவில் வந்து இறங்கியதும் மாலை, சூடம், திருஷ்டிப் பூசணி. அம்மன் புறப்பாடு மாதிரி நாலு பேர் தோள் கொடுத்து உள்ளே கொண்டுபோவார்கள். சூடப் புகையோடு வியர்வை, சுண்டல், பீடி எல்லாம் கலந்த ஒரு நெடி. படம் முடிகையில் சேனாபதி எங்கோ வெளிநாட்டிலிருந்து போனில் பேசுகிறார், திரும்ப வருவேன் என்கிற தொனியில். அவ்வளவுதான் விளம்பரம். அதை வைத்தே திரும்பும் பஸ்ஸில் இரண்டாம் பாகத்துக்குக் கதை முடித்துவிட்டோம். உன் கதையில் தாத்தா லால்குடி தாலுகா ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

இரண்டாம் பாகத்தில் தாத்தா வர 28 வருஷம் ஆயிற்று. சுஜாதா 2008-லேயே போய்விட்டார். அதில் நடித்த விவேக்கும் நெடுமுடி வேணுவும் படம் வருமுன்பே போனார்கள், திரையில் மட்டும் வந்தார்கள். இந்தத் தடவை தாத்தா போன் பண்ணவில்லை. பிள்ளைகள்தான் போனை வைத்துக்கொண்டு 'கம் பேக் இந்தியன்' என்று அவரைக் கூப்பிடுகிறார்கள். எடுத்ததில் வெட்ட மனசு வராமல் மூணாம் பாகமும் ஆகிவிட்டது என்று ஷங்கர் சொன்னதும், அந்த மூணாவதுக்காகத்தான் இரண்டாவதுக்கே ஒப்புக்கொண்டேன் என்று கமல் பேசியதும் அண்ணன் மகனின் போனில் வந்து விழுந்த நிமிஷமே கலாய்ப்பும் கூடவே விழுந்தது. அவன் சாய்ந்து உட்கார்ந்தபடி கட்டைவிரலால் சிரிக்கிறான். 2024 ஜூலை 12 காலை படம், மத்தியானத்துக்குள் தீர்ப்பு. சில நாளில் 12 நிமிஷத்தை வெட்டினார்கள். பொட்டி எங்கேடா வருகிறது என்று கேட்டேன். சாட்டிலைட்டில் வருதாம் சித்தப்பா, பாஸ்வேர்டு போட்டால் ஓடுமாம். பாஸ்வேர்டுக்கு எங்கே மாலை போடுவது?

பையன்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ஒரு டைரக்டர் வந்து இதுவரை பார்க்காத படம் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. நமக்குச் சொல்ல ஆள் குறைவு, அதனால் நம்பினோம்.

மூணாம் பாகம் வரட்டும். டிக்கெட்டை அண்ணன் மகன் போனிலேயே போட்டுத் தருவான். கார் எடுத்து வராதே, சத்திரம் பஸ்ஸில் போவோம். இரண்டாம் பாகத்துக்கு நீ சொன்ன கதையில் தாலுகா ஆபீஸ் கிளார்க் கடைசியில் என்ன ஆனான் என்று எனக்கு இன்னும் தெரியாது, டோல்கேட் வருவதற்குள் சொல்லி முடி.