பழைய காரின் விலை

கார்களைப் பற்றி எழுதுவதற்கு நான் தகுதியுடையவன் அல்லன். ஆசிரியர் பயிற்சியை முடித்த ஆண்டில் வாங்கிய ஒரு மோட்டார் சைக்கிளும், அதன்பின் இரண்டு புரோட்டோன் கார்களுமே என் அனுபவம். ஆயினும், 2023ஆம் ஆண்டில் பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மதிப்பிடும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. முன்னாள் மாணவர் ஒருவர் அதனைத் தவணையில் வாங்க விரும்பி, என்னைப் பிணைக் கையெழுத்திடக் கேட்டார்.

அவர் புக்கிட் ரோத்தானில் தோட்ட லயத்தில் வளர்ந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கி அவரை ஆளாக்கினார். இப்பொழுது கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பர். "தம்பி, வேறு கார் கிடைக்கவில்லையா?" என்று வினவினேன். "ஐயா, நான் நான்காம் ஆண்டு படிக்கும்போது நீங்கள்தானே சபைகூடலில் கரம்ஜிட் சிங்கைப் பற்றிச் சொன்னீர்கள்?" என்றார்.

சொன்னது உண்மைதான். 2002ஆம் ஆண்டில் நம் நாட்டு ஓட்டுநர் கரம்ஜிட் சிங், தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றார். அவர் ஓட்டியது புரோட்டோன் பெர்ட். பெயர் நம்முடையது, உடலும் உயிரும் மிட்சுபிஷி லான்சர் எவலூஷனுடையவை. அந்த நுணுக்கத்தை அன்று நான் மாணவர்களுக்குச் சொல்லவில்லை. முயற்சி திருவினையாக்கும் என்று பேசிவிட்டு இறங்கிவிட்டேன். முன் வரிசையில் அமர்ந்திருந்த சிறுவன் முயற்சியை விட்டுக் காரைப் பிடித்துக்கொள்வான் என்று எவர் கண்டார்!

டர்போ என்பது புதுப்பொருள் அன்று. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1962இல் அமெரிக்காவில் அது விற்பனைக் கார்களில் ஏறியது. வீணாக வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்துகிறது. மிகுந்த காற்றோடு மிகுந்த எரிபொருளும் சேர, சிறிய என்ஜின் பெரியதன் வலிமையைக் காட்டுகிறது. அந்த அச்சு நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதனைக் காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. முன்னைய உடைமையாளர் எண்ணெய் மாற்றச் சோம்பியிருந்தால், அல்லது வேகமாக ஓட்டிவந்து கொதிக்கும் என்ஜினை உடனே அணைக்கும் பழக்கமுடையவராக இருந்தால், அதன் பலனை அனுபவிப்பவர் அடுத்து வாங்குபவரே.

இவற்றை எனக்குக் கற்பித்தவர் கோலசிலாங்கூரில் பட்டறை வைத்திருக்கும் என் பள்ளித்தோழர். மூவரும் ஒரு சனிக்கிழமை பிற்பகல் கிள்ளானுக்குச் சென்றோம். கார் மணப்பெண்போல் மின்னியது. விற்பவர் புஸ்பகோம் சோதனைச் சான்றைக் காட்டினார். தோழர் அதனை வாங்கிப் பார்க்கவே இல்லை. முன்மூடியின்மீது உள்ளங்கையை வைத்தார். சுட்டது. "நாம் வருவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள், நாளை பார்ப்போம்" என்று என் காதில் சொன்னார்.

மறுநாள் காலை, கடை திறக்கும் வேளையில் சொல்லாமலே போய் நின்றோம். குளிர்ந்திருந்த என்ஜினை முடுக்கியதும் பின்னாலிருந்து நீலப்புகை எழுந்தது. காற்றுக்குழாயைக் கழற்றினால் உள்ளே எண்ணெய்க் கசிவு. டர்போவின் அச்சை விரலால் அசைத்துக் காட்டினார். ஆடும் பல்லைப்போல் ஆடியது. நான்கு டயர்களும் மூன்று வகை. பராமரிப்பு ஏடு தொலைந்துவிட்டதாம். டர்போ, கிளட்ச், டைமிங் பெல்ட், டயர்கள் எல்லாமாக ஒன்பதாயிரம் வெள்ளி ஆகும் என்றார் தோழர்.

அன்றிரவு கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். கேட்ட விலை 48,000 வெள்ளி. கையிருப்பு பத்தாயிரம் போக 38,000 கடன். குறையாத முதலுக்கு ஆண்டுக்கு நான்கு விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுகளுக்கு, மாதம் 760 வெள்ளி. ஈராயிரம் சிசிக்குச் சற்றே குறைந்த என்ஜின். சாலை வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 380 வெள்ளி. நம் நாட்டில் சாலை வரி கொள்ளளவைப் பார்க்குமேயன்றி டர்போவைப் பார்ப்பதில்லை, அவ்வகையில் ஆதாயமே. இடித்தது வேறோர் இடம். புதிதாக விற்றபோது அந்தக் கார் இதைப்போல் மூன்று மடங்கு விலை. தேய்மானத்தை முதல் உடைமையாளர் சுமந்துவிட்டார், நமக்கு இலாபம் என்பது மாணவரின் வாதம். காரின் விலை மூன்றில் ஒன்றாக இறங்கியது மெய்யே. உபரிபாகங்களின் விலை இறங்கியதா? டயரின் விலை? பெட்ரோல்? அவையெல்லாம் மூன்று மடங்குக் காரின் நிலையிலேயே நின்றன.

மற்றொன்றும் இருந்தது. தாயார் ஓய்வுபெறும் காலம் நெருங்கியிருந்தது. ஓய்வுபெற்றால் லயத்து வீட்டை விட வேண்டும். தோட்டத்தில் பிறந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பத்தாயிரமே அவர்களுடைய சேமிப்பு முழுவதும்.

மறுக்கலாமென முடிவுசெய்த மாலையில் அந்த அம்மையாரே பள்ளிக்கு வந்துவிட்டார். நாற்காலியில் அமர மறுத்து வாயிலோரம் நின்றபடி, "சார், சின்ன வயசிலேர்ந்து இவன் எதையும் கேட்டதில்ல. இத ஒண்ணுதான் கேக்குறான். கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார். என் நோட்டில் இதற்கு எந்தக் கட்டமும் இல்லை. பயிற்சிக் காலத்தில் நான் மோட்டார் சைக்கிளுக்கு ஆசைப்பட்டபோது, என் தாயார் காதுத்தோட்டைக் கழற்றித் தந்தது நினைவுக்கு வந்தது. அதற்கு அன்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

ஆயினும் நான் கையெழுத்திடவில்லை. "இந்தக் காருக்கு முடியாது, அம்மா" என்றேன். 'இந்த' என்ற சொல்லை அழுத்திச் சொன்னதாகவே நினைவு. அவருக்குக் கேட்டதோ என்னவோ. மாணவர் பல மாதங்கள் என் பக்கம் வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. அது வலித்தது.

அடுத்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத வேளையில் தொலைபேசி ஒலித்தது. "ஐயா, அம்மாவுக்குத் தாமானில் வாடகை வீடு பிடித்து முன்பணம் கட்டிவிட்டேன். காப்பாரில் ஒரு கார் வந்திருக்கிறது. பழையதுதான், பராமரிப்பு ஏடு முழுவதும் இருக்கிறது. கடைக்காரரிடம் என்ஜினைத் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். வருகிறீர்களா?" என்றார்.

தோழரை எழுப்பிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வாயிலில் போய் நின்றேன்.