டாக்டர் சக்திவேலும் நானும்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் உண்ட களைப்பில் வீடு முழுவதும் தொலைக்காட்சியின் முன் சாய்ந்து கிடந்தது. ‘சதி லீலாவதி’ ஓடிக்கொண்டிருந்தது. பாலு மகேந்திரா இயக்கி 1995இல் வெளிவந்த படம். எத்தனை முறை பார்த்தோம் என்ற கணக்கு எங்களிடம் இல்லை. அடுத்து வரும் வசனத்தைப் பிள்ளைகள் முந்திக்கொண்டு சொல்லிச் சிரித்தார்கள்.

அதே பெயரில் 1936இல் ஒரு படம் வந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். எல்லிஸ் டங்கன் இயக்கிய அந்தப் படத்தில்தான் எம். ஜி. ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றினார். நம் நாகர்கோவில் ஒழுகினசேரியைச் சேர்ந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் அதில் நடித்தார். குடியால் அறிவிழந்த கணவன், தன் மனைவியையும் உற்ற நண்பனையும் இணைத்துச் சந்தேகப்பட்டு, முடிவில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் நிலைக்குத் தள்ளப்படும் கதை அது. அதில் நண்பன் மீது விழுந்தது வீண்பழி. பிந்திய படத்தின் நண்பனோ அத்தனை தூய்மையானவன் அல்லன். அவனுக்குத் தெரிந்தே பொய் நடக்கிறது.

மனைவி லீலாவதி உடல் பருத்தவள். அவளை விட்டுக் கணவன் அருண் பிரியா என்பவளை நாடுகிறான். வேலை நிமித்தம் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவளோடு பெங்களூர் செல்கிறான். அங்கே கொங்குத் தமிழ் பேசும் நண்பர் டாக்டர் சக்திவேல் தம் மனைவி பழனியம்மாளோடு வந்து சேர்கிறார். நண்பனின் குட்டு வெளிப்படாமலிருக்க ஒரு பொய், அந்தப் பொய்யைக் காக்க இன்னொரு பொய் என்று அவர் படும் பாட்டைக் கமல்ஹாசன் நடிக்க, கிரேஸி மோகனின் வசனம் ஓட, கோவை சரளா கணவரை அதட்ட, சிரிக்காதிருக்க யாரால் முடியும்? லீலாவதியாக வருபவர், நம் எல்லைக்கு அப்பால் கேரளத்திலிருந்து வந்த கல்பனா. 1985இல் ‘சின்ன வீடு’ படத்திலும் பருத்த உடலுக்காகக் கணவனால் வெறுக்கப்படும் மனைவி வேடமே அவருக்குக் கிடைத்தது. பத்தாண்டு கழித்தும் அதே வேடம்! 2016இல் அவர் மறைந்தார். அழுகையையும் அசட்டுச் சிரிப்பையும் ஒரே முகத்தில் வைத்திருந்த அந்த அம்மையாருக்குத் தமிழ்த் திரையுலகம் இன்னும் நிறையக் கடன்பட்டிருந்தது என்பது என் எண்ணம்.

படம் விளம்பர இடைவேளையில் நின்றபோது, மீன் சட்டியை மூடி வைக்க எழுந்த என் மனைவி சொன்னாள்: “அந்த டாக்டரப் பாத்தா எனக்கு ஒரு ஆள் நெனவு வருது.”

பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிற்று.

நான் அலுவலகத்தில் பணியாற்றிய காலத்தில், பக்கத்து மேசைக்காரர் என் நெருங்கிய நண்பர். இருவர் குடும்பமும் ஒரே குடும்பம் போலப் பழகியவை. ஒரு மாலை அவருடைய மனைவி என் வீட்டு வாசலில் நின்று, “அவிய ஆபீஸ் வேலையா மதுரைக்குப் போயிருக்காவளா அண்ணே?” என்று கேட்டார். அப்படி எந்த வேலையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் எங்கே போயிருந்தார் என்பதும் தெரியும். “ஆமாம்மா, ஆடிட் வேலை, ரெண்டு நாளாகும்” என்றேன். நண்பனைக் காட்டிக் கொடுப்பது துரோகம் என்று அப்போது நினைத்தேன். “நீங்க சொன்னா செரிதான் அண்ணே” என்று அவர் திரும்பிப் போனார்.

உண்மை வெளிவர ஆறு மாதம் ஆயிற்று. அவர் இரண்டு குழந்தைகளோடு தாய்வீடு சென்று ஓராண்டுக்கு மேல் இருந்தார். பெரியவர்கள் பேசினார்கள், நண்பரும் அழுதார், மன்னிப்புக் கேட்டார். அவர் திரும்பி வந்தார். இன்று பேரப்பிள்ளைகளோடு இருவரும் நலமாகவே இருக்கிறார்கள். இடையில் ஒருநாள் அவர் என் மனைவியிடம் சொன்னாராம்: “அவியளுக்குப் புத்தி கெட்டுப்போச்சு, அத விடு. அண்ணன் எதுக்குப் பொய் சொன்னாவ? நான் அவிய சொன்னத நம்பல்ல, அண்ணன் சொன்னதத்தானே நம்பினேன்.”

திரைப்படத்தில் லீலாவதி தன் பிள்ளைகளைக் கணவனிடமே கொண்டுபோய் விட, அவனுடைய புதுவாழ்வின் மெருகு கலைகிறது. பிரியாவைக் கொடியவளாகக் காட்டாததும் நல்ல செய்கை. கணவனும் மனைவியும் சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால், டாக்டர் சக்திவேலை லீலாவதி என்ன கேட்டாள் என்பதை அறியத்தான் எனக்கு ஆவல். நகைச்சுவைக் கதைக்கு அது வேண்டாத சுமை போலும்.

நண்பர் வீட்டுத் திருமணங்களுக்கு எனக்கு அழைப்பு வரத் தவறியதில்லை. அவருடைய மனைவியே பந்தியில் நின்று பரிமாறச் சொல்லுவார். “சாருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் போடுங்க” என்பார். ‘அண்ணே’ என்று அவர் அழைத்தது வாசலில் நின்ற அந்த மாலையோடு சரி.

விளம்பரம் முடிந்து பெங்களூர்க் காட்சி மீண்டும் தொடங்கியது. பிள்ளைகள் என்னையும் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தேன். டாக்டர் அடுத்த பொய்யைச் சொன்னார், வீடு சிரித்தது. என் மனைவி அடுக்களையிலிருந்து வரவில்லை.