தஞ்சையில் ஒரு போட்டோ

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பகல் பதினோரு மணிக்குப் போகக் கூடாது. போனால் கல் தரை பாதத்தை வறுத்து எடுத்துவிடும். ரயில் தாமதமானதால் நாங்கள் அந்த வேளையில்தான் போய்ச் சேர்ந்தோம்.

எண்பது வயது அத்தைக்கு ஒரே ஒரு ஆசை. "கோபுரத்துக்கு முன்னாலே என்னை ஒரு போட்டோ எடுங்கோ. நாளைக்குக் கூடத்திலே மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேண்டாமா?" என்றாள்.

"என்ன பேச்சு இது!" என்று நான் அதட்டினேன். ஆனாலும் என் பெண் அவளை உட்கார வைத்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்தாள்.

விமானம் கம்பீரமாக விழுந்திருந்தது. ஆகாயம்தான் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பெண் மர நிழலில் உட்கார்ந்து விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். வெண்மேகங்கள் வந்து நின்றன!

இதற்காக அவளைக் கோபிப்பதில் நியாயம் இல்லை. 1858-லேயே இதே கோயிலைப் படம் எடுத்தவர் செய்த வேலைதான் இது. சென்னை அரசாங்கத்தின் போட்டோக்காரராக இருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப், மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து, மெழுகு பூசிய காகிதத்தில் நெகடிவ் எடுத்தார். அந்தக் காகிதத்துக்கு நீலத்தைக் கண்டால் தலைகால் புரியாது; பச்சையோ லேசில் அகப்படாது. ஆகவே ஆகாயம் வெறும் வெள்ளை, மரம் வெறும் கறுப்புத் திட்டு. மனிதர் பொறுமையாக நெகடிவின் மேல் வர்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். இலைகளுக்கும் உயிர் கொடுத்தார். அன்றைக்குத் தஞ்சையில் மேகம் இருந்ததா என்று கேட்டால் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்?

அதே டிரைப், விமானத்தின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டுகளையும் வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அங்கே மேகத்துக்கு என்ன வேலை? ஓர் எழுத்தின் கொம்பைத் திருத்தினாலும் ஊர் பெயரே மாறிப் போகுமே! ராஜராஜன் இந்தக் கோயிலுக்கு அமர்த்திய சுமார் 400 நடன மாதர்களின் பெயர்களை இங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்பதுகூட விடவில்லை. ஆயிரம் வருஷமாக அவரவர் அவரவர் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

விடுதிக்குத் திரும்பியதும் பெண் படத்தை நீட்டினாள். அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"கோபுரம் நன்னா இருக்கு. மேகமும் நன்னாத்தான் இருக்கு. முன்னாலே உக்காந்திருக்காளே, அவ யாருடீ?"

"நீங்கதான் பாட்டி! சுருக்கத்தையெல்லாம் எடுத்து இருபது வயசு குறைச்சிருக்கேன்."

"அந்த இருபது வருஷம் நான் பட்டதெல்லாம் யார் பட்டதாம்?"

பெண் பதில் பேசவில்லை. விரல் மறுபடி ஓடியது. நெற்றிக் கோடுகள் திரும்பி வந்தன. பிறகு கன்னத்தின் குழி. கடைசியில், அடுப்பு நெருப்புப் பட்ட பழைய வடு.

"மேகத்தையும் எடுத்துடட்டுமா, பாட்டி?"

"அது இருந்துட்டுப் போறது, போ. வெயில் ரொம்பத்தான் அடிச்சுது" என்றாள் அத்தை.