‘வோ’னு ஒரு சொல்

1/ அமெரிக்காவுல, சவுத் டகோட்டாவுல டாக்டரா இருக்கேன். மனுஷங்களுக்கு. இது என் நாய்க்கு நான் செஞ்ச தப்பைப் பத்தின த்ரெட். நாய் வளர்க்கறவங்க கடைசி வரை படிங்க.

2/ ப்ரூனோ, ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்ட்டர். வயசு ஒன்றரை. பறவை வாசனை கிடைச்சதும் பாயாம அப்படியே உறைஞ்சு நிக்கிறது இந்த இனத்தோட பிறவிக் குணம். அதைச் சொல்லித்தர வேண்டாம். பறவை எழும்பிப் பறந்த பிறகும் துரத்தாம நிக்கிறதைத்தான் சொல்லித்தரணும்.

3/ அதுக்கு ‘வோ’னு ஒரே சொல். முதல்ல வீட்டுல, சாப்பாட்டுத் தட்டு முன்னாடி. அப்புறம் நீளக் கயிறு கட்டி வயல்ல. கடைசியா, புல்லுக்குள்ள புறாவை ஒளிச்சு வெச்சு. துப்பாக்கிச் சத்தம் முதல்ல தூரத்துல, நாய் பறவை மேல கவனமா இருக்கும்போது. எடுத்ததுமே பக்கத்துல சுட்டா ஆயுசுக்கும் பயந்துடும்.

4/ இங்க ஃபெசன்ட் வேட்டை அக்டோபர் மூணாவது சனிக்கிழமை தொடங்கும். செப்டம்பர்லயே எனக்கு அவசரம். ஒரு மதியம், 28 டிகிரி. "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்"னு நினைச்சேன்.

5/ இடுப்பளவு புல்லுக்குள்ள காத்தே இல்ல. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு முழுக்க வேர்க்காது. பெரும்பாலும் மூச்சிரைச்சுத்தான் சூட்டை வெளியேத்தணும். மூணாவது புறாவுலயே நாக்கு அகலமாத் தொங்குச்சு. "இன்னும் ஒண்ணு"ன்னேன். அஞ்சாவதுல பின்னங்கால் தள்ளாடி விழுந்தான்.

6/ ஈறு செங்கல் நிறம். தெர்மாமீட்டர்ல 41.4. நாய்க்கு இயல்பு 39 வரைக்கும்தான். வண்டியில இருந்த கேன் தண்ணி மொத்தத்தையும் அவன்மேல ஊத்தி, ஏசியை முழுசா வெச்சுட்டுத்தான் கிளம்பினேன். மனுஷனோ நாயோ, ஹீட் ஸ்ட்ரோக்னா முதல்ல குளிர்விக்கணும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. ஈரத்துண்டு போர்த்தி விட்டுடாதீங்க. சூடு உள்ளயே தங்கிடும்.

7/ ரத்தம் உறையறதுல கோளாறு மறுநாள்கூட வரலாம்னு ரெண்டு நாள் அங்கேயே வெச்சிருந்தாங்க. பிழைச்சான். கால்நடை மருத்துவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "உங்க பேஷண்ட்டா இருந்தா எப்ப நிறுத்தியிருப்பீங்க?" பதில் எனக்குத் தெரியும். மூணாவது புறாவுல. அந்த வருஷம் நாங்க வேட்டைக்கே போகல.

8/ இந்த இனம் தானா நிறுத்தாது. விடிகாலையில கூட்டிட்டுப் போங்க. பத்து நிமிஷம் ஓட்டம், அப்புறம் தண்ணி, நிழல். நாக்கு அகலமாச்சுன்னா அன்னிக்குப் பாடம் முடிஞ்சது. அன்னிக்கு நான் ஒரு ‘வோ’ சொல்லியிருந்தா அவன் நின்னிருப்பான். அந்த அளவுக்கு நல்லாவே கத்துக்கிட்டிருந்தான்.