எண்ணெய் எங்கே போகிறது?

ஆரியசாலைக்குப் பிஸ்டன் வளையம் தேடிவரும் படகுக்காரரிடம் ஒரே குறை: எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது. வளையத்தின் விலையைவிட, எஞ்சினைப் பிரித்துப்போட்டுக் கடலுக்குச் செல்லாத நாள்களின் இழப்பே அவருக்குப் பெரிது. ஆதலால் வாங்கும்முன் ஒரு சோதனை வேண்டும்.

கிராங்க் அறையின் மூச்சுக்குழாய் அடைபட்டாலே உள்ளழுத்தம் ஏறி, பழுதில்லாத சீல் வழியாகவும் எண்ணெய் கசியும். குழாயைச் சுத்தம் செய்து, நீர் நிரப்பிய வளைகுழாயால் அழுத்தத்தை அளக்கவேண்டும். (இங்கே பேச்சு மில்லிமீட்டர் நீர்மட்டத்தில்; சாதாரண எண்ணெய் அழுத்தமானியில் முள்ளே அசையாது.) அழுத்தம் இறங்கிக் கசிவும் நின்றால் வளையங்கள்மேல் பழியில்லை. சுமை கூடக்கூட அழுத்தமும் புகையும் கூடினால், எரிந்த வாயு வளையங்களைத் தாண்டி இறங்குகிறது என்று ஐயுறலாம். குறைந்த சுமையில் நெடுங்காலம் ஓடிய எஞ்சினில் சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் மெருகேறியிருக்கும். சுவரைச் சொரசொரப்பாக்காமல் புது வளையம் மட்டும் போடுவது வீண்செலவு.

பெரிய கப்பல்களில் கிராங்க் அறை உயிரையே கேட்கும். 1947 செப்டம்பர் 11 அன்று ‘ரெய்னா டெல் பசிபிகோ’வில் மிகையாகச் சூடேறிய பிஸ்டன் எண்ணெய்ப்புகையைப் பற்றவைத்தது, 28 பேர் மாண்டனர்.