8.90 பவுண்டுக்கு மேல் கேட்காத நகரம்

லண்டன் பேருந்துகளில் ரொக்கம் செல்லாது. 2014 ஜூலையிலிருந்து அந்தச் சிவப்புப் பேருந்துகள் காசு வாங்குவதில்லை. ஓட்டுநர் பக்கத்தில் மஞ்சள் வட்டம் கொண்ட கருவி ஒன்று இருக்கிறது. வங்கி அட்டையையோ கைப்பேசியையோ அதன்மேல் வைத்தால் அரை நொடிக்குள் ‘பீப்’ என்று ஒலிக்கிறது, ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். அரண்மனையும் மணிக்கூண்டும் படங்களில் பார்த்தவைதான். இந்த மஞ்சள் வட்டத்தை மட்டும் நான் வியப்போடு பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் இந்தத் தொகைக்கு மேல் வாங்கமாட்டோம் என்று ஒரு மாநகரம் தன் மக்களுக்குக் கொடுத்த வாக்கு அதன் பின்னால் இருக்கிறது.

நகரத்தை ஒன்பது வளையங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நடுவே முதல் மண்டலம். வெளியே போகப் போக எண் கூடும். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, முதல் இரண்டு மண்டலங்களுக்குள் ஒரு நாள் உச்சவரம்பு 8.90 பவுண்டாக இருந்தது. பேருந்தில் மட்டும் போனால் 5.25 பவுண்டு. ஒரு பேருந்துப் பயணம் 1.75 பவுண்டாக இருந்ததால், மூன்று முறைக்குக் காசு கொடுத்தவருக்கு அன்றைய மற்றப் பேருந்துகள் இலவசம். முதல் பேருந்தில் ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்துக்கு மாறினாலும் தனிக் கட்டணம் கிடையாது.

சனிக்கிழமையில் இந்த வரம்பு வேலை செய்வதைப் பார்ப்பது இன்னும் சுவை. அன்று முழுக்க நெரிசல் நேரக் கட்டணம் இல்லை. அதே 2025 கட்டணப்படி, இரண்டாம் மண்டலத்தில் இருக்கும் கேம்டன் டவுனிலிருந்து டவர் ஹில் போக 2.90 பவுண்டு. அங்கிருந்து ஓட்டுநர் இல்லாத டிஎல்ஆர் ரயிலில் கிரீனிச் போக இன்னொரு 2.90. திரும்பி வாட்டர்லூ வர மறுபடி 2.90. மொத்தம் 8.70 ஆகிவிட்டது. இரவு வாட்டர்லூவிலிருந்து கேம்டனுக்கு அதே 2.90 பவுண்டு தூரம்தான். ஆனால் பிடிப்பது வெறும் 20 பென்ஸ். அதற்குப் பிறகு மறுநாள் விடியற்காலை 4.30 மணி வரை அந்த இரண்டு மண்டலங்களுக்குள் எங்கே போனாலும் ஒரு பென்னிகூடச் செலவில்லை. கணக்குப்படி நாள் நள்ளிரவில் முடிவதில்லை. இரவுப் பணி முடித்து வீடு திரும்புகிறவரையும் மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு.

வங்கி அட்டையை வைக்கும்போது வாசலில் இருக்கும் கருவி கட்டணத்தைக் கணக்கிடுவதில்லை. எந்த அட்டை, எந்த இடம், எந்த நேரம் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. அன்றைய பயணங்களையெல்லாம் இரவில் ஒன்றுசேர்த்து, வரம்பைப் பார்த்து, வங்கியிடம் ஒரே தொகையாகக் கேட்கிறார்கள்.

இந்த உச்சவரம்புக்குப் பின்னால் ஒரு நியாயமும் இருக்கிறது. 1983-இல் வந்த டிராவல்கார்டு என்ற பயணச் சீட்டு, மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டியவருக்குத்தான் மலிவு. கையில் அவ்வளவு இல்லாதவர் தினமும் சீட்டு வாங்கி, வார முடிவில் கூடுதலாகக் கொடுத்திருப்பார். லண்டனின் சொந்தப் பயண அட்டையான ஆய்ஸ்டரில் 2005-இல் வந்த தினசரி வரம்பும், 2014-இல் வங்கி அட்டைக்கு வந்த வாராந்திர வரம்பும் அந்த நிலையை மாற்றின. முன்பணம் கட்ட வசதியில்லாதவருக்கும் அதே சலுகை தானாகவே வந்து சேர்கிறது. விண்ணப்பம் போட வேண்டியதில்லை. யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

ஆனால் எங்கே ஏறினோம், எங்கே இறங்கினோம் என்ற இரண்டும் தெரிந்தால்தான் ரயிலில் இந்த வாக்கு செல்லும். பேருந்தில் ஏறும்போது வைத்தால் போதும். ரயிலில் இறங்கும்போதும் வைக்க வேண்டும். டிஎல்ஆர் நிலையங்கள் பலவற்றில் தடுப்புக் கதவே இல்லை. வழியில் நிற்கும் கருவிக் கம்பத்தை நாமே தேடிப் போக வேண்டும். விட்டுவிட்டால் அது அரைகுறைப் பயணம். அதிகபட்சக் கட்டணம் விழும். அந்தத் தொகை உச்சவரம்புக் கணக்கிலும் சேராது.

காஸ்பல் ஓக் நிலையத்தில் ஓர் இளஞ்சிவப்புக் கருவியைப் பார்த்தேன். கியூ தோட்டத்திலிருந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாமுக்குப் போக இரண்டு வழி. டிஸ்ட்ரிக்ட் ரயில் நகரின் நடுவே நேராகப் போகும். ஓவர்கிரவுண்டு ரயில் வடக்கே சுற்றி, காஸ்பல் ஓக்கிலும் பார்க்கிங் (Barking) நிலையத்திலும் மாறச் சொல்லும். முதல் மண்டலத்தைத் தொடாத வழிக்குக் கட்டணம் குறைவு. இரண்டு வழிக்கும் ஏறிய இடமும் இறங்கிய இடமும் அவையே என்பதால், எந்த வழியாக வந்தோம் என்று கணினிக்குத் தெரியாது. என்னோடு இறங்கிய ஒரு மூதாட்டி, தள்ளுபையை ஒரு கையால் பிடித்தபடி, மறுகையால் அட்டையை அந்த இளஞ்சிவப்பு வட்டத்தில் வைத்துவிட்டு அடுத்த ரயிலுக்கு நடந்தார். சுற்றி வந்ததற்கு அவர் கொடுத்த சாட்சி அது. தெரியாதவர் அதைக் கடந்து போய்க் கூடுதலாகக் கட்டுகிறார். இதைப் பயணிக்கு இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்றே நினைக்கிறேன்.

லண்டன் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நம் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் தொட்டுச் செலுத்தும் வசதியையும் புறப்படும் முன்பே இயக்கி வையுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கி எவ்வளவு பிடிக்கும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்க ஒரே அட்டையையோ ஒரே கைப்பேசியையோ பயன்படுத்துங்கள். அட்டையும் அதே அட்டை ஏற்றிய கைப்பேசியும் இரண்டு வெவ்வேறு பயணிகளாகத்தான் கணக்கில் வரும். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தால் வரம்பை எட்டுவது கடினம். குடும்பத்தில் ஆளுக்கொரு அட்டை வேண்டும். வாராந்திர வரம்பு திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வியாழக்கிழமை போய் இறங்குகிறவர் அதை நம்பியிருக்க வேண்டாம்.

போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் அட்டையைப் பதிந்துகொண்டால் ஒவ்வொரு பயணமும் தெரியும். மறுநாள் காலை அதைத் திறந்து பாருங்கள். ‘அரைகுறைப் பயணம்’ என்று இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லிக் கேளுங்கள். கூடுதலாகப் போன பணம் உங்களுடையது. கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.