எப்ப வந்தே... எப்ப போறே?

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம், சென்னை சென்ட்ரலில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறியிருக்கிறீர்களா? ஏறியவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. ஏறாதவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, கைக்குட்டை, பேப்பர் எல்லாம் சீட்டில் வந்து விழுந்துவிடும். காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை... அத்தனை ஊர் தீபாவளியும் அந்த ஒரு வண்டியில்தான் போக வேண்டும்.

சில வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு சாயங்காலம். சண்டை போட்டு, வாசல் ஓரமாக ஒரு சீட் பிடித்துவிட்டேன். வாசலையொட்டி ஒரு கறுப்புத் தகரப் பெட்டி. மேலே வெள்ளை பெயின்ட்டில் பேர், நம்பர். ஏறுகிற எல்லோரும் அதில் இடித்துக்கொண்டார்கள்.

“யாருப்பா அது, பொட்டியை வழியில வச்சது?” என்று ஒருத்தர் கத்தினார். ‘அதானே!’ என்று நானும் ஒத்து ஊதினேன்.

“நம்மளுதுதான் சார், மன்னிச்சுக்கோங்க” என்று ஓர் இளைஞர் எழுந்தார். ஒட்ட வெட்டிய முடி, கறுத்த முகம். பெட்டியை நிமிர்த்தி வைத்து, அதைக் கட்டிக்கொண்ட மாதிரி நின்றார்.

பேச்சுக் கொடுத்தேன். ஜம்மு பக்கம் டியூட்டியாம். கிளம்பி மூன்று நாளாகிறதாம். “லீவு கடைசி நேரத்துலதான் சார் கெடைச்சுது. தீபாவளி டயத்துல ரிசர்வேஷனுக்கு எங்க போறது? டெல்லி வரைக்கும் நின்னுதான் வந்தேன்” என்றார்.

‘ஐயோ பாவம்’ என்று சொன்னேனா? சொல்லவில்லை. என்ன கேட்டேன் தெரியுமா?

“என்ன தம்பி, பொட்டியில சரக்கு இருக்கா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அரக்கோணம் தாண்டிய பிறகு, கூட்டம் கொஞ்சம் அடங்கியதும், என் பக்கம் குனிந்து சொன்னார்.

“ஊருக்குப் போனா மூணே கேள்விதான் சார். எப்ப வந்தே? எப்ப போறே? சரக்கு இருக்கா? எங்கம்மா மட்டும்தான், ‘ஏன்டா இப்படி எளைச்சுட்டே?’ன்னு கேக்கும்.”

கோபமாகச் சொல்லவில்லை. தமாஷாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் சுருக்கென்றது.

குடியாத்தத்தில் இறங்கினார். பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்து இறக்கிவிட்டேன். கனம் தாங்கவில்லை. “அப்படி என்னப்பா இருக்கு இதுல?” என்றேன். “ஆப்பிளும் வால்நட்டும் சார். தெருவுக்கே குடுக்கணும் இல்ல?” என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வண்டி நகர்ந்த பிறகுதான் உறைத்தது. மூன்று நாள் பயணம் செய்து வந்த மனுஷன் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் என் பக்கத்தில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ‘கொஞ்ச நேரம் நீ உக்காருப்பா’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரக்கு கேட்க மட்டும் வாய் வந்தது!

இதில் வெட்கப்பட எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் பிறந்து வளர்ந்தது ஆம்பூர். 2019-ல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பழைய வேலூர் மாவட்டத்தில், பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு கிராமம். சுற்று வட்டாரத்தில் அதற்கு இன்னொரு பேர், ராணுவப்பேட்டை. உலகப் போர் காலத்திலிருந்து தாத்தா, அப்பா, பேரன் என்று வரிசையாகப் படைக்குப் போன குடும்பங்கள் அங்கே உண்டு. பாலாற்றில் தண்ணீர் ஓடாத ஊர்களில் பையன்களுக்கு இருந்த வழிகள் கொஞ்சம்தான். ஒன்று தோல் ஷாப்பு, இல்லாவிட்டால் ஷூ கம்பெனி. ஓடவும் உயரம் தாண்டவும் தெரிந்தவனுக்கு மிலிட்டரி.

தோலுக்கும் சிப்பாய்க்கும் எங்கள் பக்கத்தில் பழைய உறவு. 1806 ஜூலை 10-ம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்களே, அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்ன? புதிதாகக் கொடுத்த தலைப்பாகையில் செருகியிருந்த தோல் குஞ்சம். நெற்றியில் நீறு, நாமம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, இந்தத் தொப்பியை மாட்டிக்கொள் என்றார்கள். தலையில் என்ன வைக்கிறோம் என்று சிப்பாயை ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை ஒரே நாளில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டது. இரண்டு பக்கமும் ரத்தம் ஓடியது. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் செத்துப்போனார்கள். வேலூர் மக்கான் சந்திப்பில் அவர்களுக்காக ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. தினமும் அதைச் சுற்றித்தான் பஸ் போகிறது. எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறோம்?

முதல் உலகப் போரில் மதராஸ் மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத்தோல் கப்பல் கப்பலாக பிரிட்டனுக்குப் போனது. அங்கே சிப்பாய்களின் பூட்ஸுக்கு அதுதான் மேல்தோல்.

அதே போரில் நடந்த இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1914 கிறிஸ்துமஸுக்கு, இங்கிலாந்து இளவரசி மேரியின் பேரில் நிதி திரட்டிப் போர்முனைக்குப் பரிசு அனுப்பினார்கள். சின்னப் பித்தளைப் பெட்டி. உள்ளே புகையிலை, சிகரெட், ஒரு வாழ்த்து அட்டை. அனுப்பும்போது யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார். ‘சீக்கியர்கள் புகையிலையைத் தொட மாட்டார்களே?’ அதனால் அவர்கள் பெட்டியில் கற்கண்டும் மசாலாப் பொருளும் வைத்து அனுப்பினார்கள். யுத்தத்தை நடத்தியவர்கள் மேல் ஆயிரம் விமர்சனம் இருக்கட்டும். அந்தக் கற்கண்டை நினைத்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. நன்றி சொல்வது என்றால், எதிரில் இருப்பவன் யார், அவனுக்கு என்ன வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசிப்பதுதானே?

நாம் யோசிக்கிறோமா?

ஒரு ஜவானுக்கு வருஷத்தில் 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. ‘அடேயப்பா, மூணு மாசம்!’ என்பீர்கள். ஆனால் கேட்ட நேரத்தில் கிடைக்காது. எல்லோருக்கும் தீபாவளிக்கே லீவு கொடுத்துவிட்டால், எல்லையில் யார் நிற்பது? ஒருத்தர் தீபாவளிக்கு வந்தால் இன்னொருத்தருக்குப் பொங்கல் போச்சு. ரம்ஜானுக்கு வர முடியாதவர், கிறிஸ்துமஸுக்கு வர முடியாதவர் என்று எல்லா வீட்டிலும் ஒரு தட்டு காலியாகத்தான் இருக்கும்.

சில வீடுகளில் அந்தத் தட்டு நிரம்பவே நிரம்பாது. 2016 பிப்ரவரி 3. பொங்கல் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் காவல் இருந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் 19-வது பட்டாலியன் வீரர்கள் பத்துப் பேர் மேல் பனிச்சுவர் சரிந்து விழுந்தது. ஆறு நாள் கழித்து கர்நாடகத்துக்காரரான ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு மீட்கப்பட்டார். நாடே வேண்டிக்கொண்டது. பிப்ரவரி 11-ம் தேதி அவரும் போய்விட்டார். அந்தப் பத்துப் பேரில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அதில் ஹவில்தார் ஏழுமலை எங்கள் வேலூர் மாவட்டம். அப்போது ஊரே திரண்டது. பேனர் வைத்தோம். மெழுகுவர்த்தி ஏற்றினோம். தப்பில்லை. ஆனால், அடுத்த தீபாவளிக்கு அந்த மாதிரி வீடுகளின் கதவைத் தட்டியவர்கள் எத்தனை பேர்?

ரயிலில் வாங்கிய குட்டு எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அடுத்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கதவை நானே தட்டினேன்.

அங்கே இருப்பது எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. பட்டாளத்துக்காரர் சம்சாரம் என்றுதான் தெருவில் பேர். புருஷன் போரில் சாகவில்லை. ரிடையர் ஆகி, வயசாகி, படுக்கையில் போனார். அதனால் பேனர், மாலை எதுவும் அவருக்குக் கிடையாது. அந்த அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வருகிறது.

“எப்படி இருக்கீங்கம்மா?” என்றதும் அழ ஆரம்பித்துவிட்டார். பென்ஷன்காரர்களுக்கு நவம்பர் என்றால் ஆயுள் சான்று. ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று வருஷா வருஷம் நிரூபிக்க வேண்டும். இரண்டு இடத்துக்கு அலைந்திருக்கிறார். கைரேகை வைத்தால் மிஷின் எடுக்கவில்லை. “அப்புறம் வாங்க” என்று அனுப்பிவிட்டார்களாம்.

கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனியெல்லாம் மொழுக்கென்று தேய்ந்திருந்தது. முப்பது வருஷம் வீட்டிலேயே ஷூவுக்கு மேல்பாகம் தைத்த கை. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் ஊரில் எத்தனையோ பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து செய்கிற வேலை அது. புருஷன் எல்லையில் நின்ற காலத்தில் குடும்பத்தைத் தாங்கிய ரேகை, எங்கேயோ யாரோ போட்டுக்கொண்டு நடக்கிற ஷூவில் தேய்ந்து போயிருக்கிறது.

நல்லவேளை, இப்போது முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கிற வசதி செல்போனிலேயே வந்துவிட்டது. என் போனில் அந்த ஆப்பை இறக்கினேன். ஆதார் நம்பர், பென்ஷன் நம்பர் எல்லாம் பழைய டிரங்க் பெட்டியிலிருந்து வந்தன. அதுவும் கறுப்புப் பெட்டிதான். வெள்ளை பெயின்ட்டில் அவர் பேர் பாதி அழிந்திருந்தது.

“அம்மா, போனைப் பாருங்க. கண்ணைச் சிமிட்டுங்க.”

“என்னாத்துக்குப்பா?”

“சிமிட்டினாத்தான் உசுரோட இருக்கீங்கன்னு அது நம்பும்.”

அழுத அம்மா சிரித்துவிட்டார். சிரித்ததில் கண் மூடிக்கொண்டது. நாலாவது தடவைதான் சரியாக வந்தது. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். அவ்வளவுதான் என் செலவு.

அப்புறம் அவரே பேசினார். “கல்யாணத்துக்கு அப்புறம் பன்னண்டு வருஷம் சர்வீஸ்ல இருந்தாரு. அதுல எங்கூட இருந்த தீபாவளி நாலே நாலு. மத்த வருஷமெல்லாம் போஸ்ட்மேன் மணியார்டர் கொண்டாந்தாத்தான் எனக்குத் தீபாவளி.” சொல்லிவிட்டு, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நாலு அதிரசம் கட்டிக் கொடுத்தார்.

அமெரிக்காவில் சிப்பாயைப் பார்த்தால், முன்பின் தெரியாதவர்கள்கூட ‘உங்கள் சேவைக்கு நன்றி’ என்று சொல்கிறார்களாம். நமக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. கூச்சமாக இருக்கும். பரவாயில்லை. நமக்குத் தெரிந்த விதத்தில் செய்வோமே.

உங்கள் தெருவிலும் ஒரு பட்டாளத்து வீடு இருக்கும். பண்டிகைக்கு முறுக்கு சுட்டால் நாலு அங்கேயும் போகட்டும். ஆயுள் சான்று, பேங்க் வேலை, ஆஸ்பத்திரி என்றால் கூடப் போய் வாருங்கள். ஒவ்வொரு டிசம்பர் 7-ம் தேதியும் கொடி நாள். 1949-லிருந்து நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் சில்லறை கொடுத்துச் சட்டையில் குத்திக்கொண்ட அந்தக் குட்டிக் கொடி ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பணம் உயிரிழந்த வீரர்களின் குடும்பத்துக்கும், ஊனமுற்ற வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும்தான் போகிறது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பெரியவர்களான பிறகும் கொடுக்கலாம். சில்லறையாகத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை!

அப்புறம், இந்தப் பண்டிகைக்கு ரயிலில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி உங்கள் காலில் இடிக்கலாம். இடித்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் நிற்கிற தம்பியிடம் எப்ப வந்தே, எப்ப போறே என்றெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். முதலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள்.

“உக்காருப்பா. சாப்ட்டியா?”

இதை மட்டும் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது இதைத்தான்.